மூளையின் மூன்றாங் கூறு

மூளையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நரம்புக்கலங்களின் வரலாற்றையே எழுதிச் சென்றனர். அஃது இயல்பே. நினைத்தலும் உணர்தலும் உடலை ஏவுதலும் நரம்புக்கலங்களின் வழியே நிகழ்கின்றன என்பது தெளிவாகிய பின்னர், அவற்றினிடையே கிடக்கும் பிற கலங்களைத் தேடி ஆராய்வதற்குத் தனியானதொரு காரணம் வேண்டியிருந்தது. அக்காரணம் கிடைக்க நெடுங்காலஞ் சென்றது. மூளையினுள் உறையும் நோயெதிர்ப்புக் கலங்கள், வளரும் மூளையில் எந்த நரம்பிணைப்பு நிலைப்பது, எது நீங்குவது என்பதிலே பங்கு கொள்கின்றன என்னுங் கருத்துக்குச் சோதனைச் சான்று 2007 ஆம் ஆண்டிலேயே கிடைக்கத் தொடங்கியது. அக்கலங்களைத் தெளிவாகக் கண்டு பெயரிட்டவரோ 1919 ஆம் ஆண்டிலேயே அப்பணியை முடித்துவிட்டார். இடைப்பட்ட 88 ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை நோக்குவோர்க்கு, ஓர் உண்மை கண்டறியப்படுவது வேறு, அது கைக்கொள்ளப்படுவது வேறு என்பது புலனாகும்.

நரம்புக்கலங்களுக்கிடையே ஒரு பொருள் உண்டென்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஜேர்மானிய நோயியலறிஞராகிய உறூடோல்ப் விர்க்கோ எடுத்துரைத்தார். 1856 இல் அவர் அதற்கு இட்ட பெயர் நியூறோகிளியா என்பது. கிரேக்க மொழியில் கிளியா என்றாற் பசை; எனவே நரம்புப்பசை எனலாம். பெயரே தொழிலைத் தீர்மானித்து விட்டது போலும். பசைக்கு ஒட்டுவதன்றி வேறு வேலை என்ன இருக்கமுடியும்? ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் பலரின் எண்ணத்தை அச்சொல்லே கட்டிவைத்தது.

1873 இல் இத்தாலியராகிய கமில்லோ கொல்ஜி, பொற்றாசியம் இருகுரோமேற்றும் வெள்ளி நைத்திரேற்றும் கொண்டு நரம்புக்கலங்களைக் கறுப்பாகச் சாயமூட்டும் முறையொன்றைக் கண்டார். ஸ்பெயின் நாட்டவராகிய சந்தியாகோ றமோன் இ கஹால் அம்முறையைச் செம்மைப்படுத்தி, நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று உருகியிணைந்த வலையல்ல என்றும், ஒவ்வொன்றும் தனித்தனிக் கலமே என்றும் நிறுவினார். கொல்ஜியோ வலைக் கொள்கையையே கைவிடாதிருந்தார். 1906 இல் இருவருக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோது, பரிசுரை நிகழ்த்திய கொல்ஜி, அருகிலிருந்த கஹாலின் கொள்கையையே மறுத்துப் பேசினார். இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் நன்று. பின்னர் வருவதற்கு இது தொடர்புடையது.

1913 இல் கஹால் பொன் உப்பொன்றைக் கொண்டு உடுவுருக் கலங்களை, அஃதாவது நாற்புறமும் கைநீட்டி விண்மீன் போற் றோன்றும் பசைக்கலங்களை, அழகுறச் சாயமூட்டினார். அப்போதும் சில சிறிய கலங்கள் எஞ்சின. அவற்றின் கரு மட்டுமே தெரிந்தது; கிளைகள் எவையுந் தோன்றவில்லை. நரம்புக்கலம் முதலாங் கூறு, உடுவுருக்கலம் இரண்டாங் கூறு, இவை மூன்றாங் கூறு எனக் கஹால் வகுத்தார். கிளையற்ற கலங்கள் என்றே அவர் அவற்றைக் கருதினார். நோயுற்ற மூளையிற் கோல் வடிவான கலங்கள் தோன்றுவதை ஜேர்மனியில் பிரான்ஸ் நிசில் 1899 இலேயே விவரித்திருந்தார். ஸ்கொத்லாந்தில் போர்ட் றொபேட்சன் 1900 இல் பிளாற்றினம் கொண்டு சாயமூட்டிய சில கலங்களை மெசோகிளியா என அழைத்தார். ஆயினும் இவையெல்லாம் ஒன்றா, வேறா என்று தெளிவதற்கு வழியில்லாதிருந்தது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி எத்துணை வாதிட்டென்ன? வேண்டியிருந்தது ஒரு நல்ல சாயமூட்டல் முறை.

அம்முறை பிறந்த வரலாற்றில் முதலிற் குறிப்பிடத்தக்கவர் நிக்கொலாஸ் அச்சூக்கறோ. 1880 இற் பிறந்த இவர், மியூனிக் நகரில் அலோயிஸ் அல்சைமரிடம் பயின்றார். அவருடைய பரிந்துரையின் பேரில் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் அரசாங்க மனநோய் மருத்துவமனைக்குச் சென்று பணியாற்றி, பின் மட்றிட்டுக்கு மீண்டார். தனினையும் அமோனியா சேர்ந்த வெள்ளியையும் கொண்டு 1911 இல் அவர் வகுத்த முறை, பசைக்கலங்களைக் காண உதவிற்று. அவரிடம் பயின்றவரே பியோ டெல் றியோ ஓர்த்தேகா. ஆசிரியர் 1918 இல் 37 வயதிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்தார். தாம் தொடங்கிய வழி எங்கே சென்று முடிந்தது என்பதைக் காண அவர் இருக்கவில்லை.

ஓர்த்தேகா 1882 இல் வலடோலிட் மாகாணத்துப் போர்த்தில்லோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர். வலடோலிட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றவர். அச்சூக்கறோவின் முறையைப் பலவாறு மாற்றி மாற்றிப் பார்த்த அவர், 1918 இல் வெள்ளிக் காபனேற்று முறையை வந்தடைந்தார். போமலினிற் பதப்படுத்திய மூளையின் மெல்லிய வெட்டுமுகங்களை அமோனியா சேர்த்த வெள்ளிக் காபனேற்றுக் கரைசலில் இட்டபோது, அதுகாறும் கருவளவாகவே தெரிந்த கலங்கள் திடீரெனத் தம் கிளைகளை வெளிக்காட்டின. கஹால் கிளையற்றவை என்ற கலங்களுக்கு நுண்ணிய முட்கள் பொருந்திய கிளைகள் இருந்தன. 1919 இல் ஸ்பானிய உயிரியற் கழகத்தின் வெளியீட்டில் ஓர்த்தேகா தொடர்ந்து நான்கு கட்டுரைகளை எழுதி, அவற்றுக்கு மைக்குரோகிளியா என்று பெயரிட்டார். நுண்பசைக்கலம் எனத் தமிழிற் கூறலாம்.

அக்கட்டுரைகளில் அவர் கூறியவை வியப்பூட்டுவன. நுண்பசைக்கலங்கள் ஏனைய மூளைக் கலங்களைப் போல முளையத்தின் புறப்படையிலிருந்து தோன்றுவனவல்ல, நடுப்படையிலிருந்து தோன்றி வெளியிலிருந்து மூளையினுட் புகுவன என்றார். புகும்போது அமீபாவைப் போல உருமாறி ஊர்வன. பின்னர் கிளைவிட்டு, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சிறு நிலப்பரப்பைப் பற்றிக்கொண்டு மூளையெங்கும் ஒழுங்காக அமைவன. மூளைக்கு ஊறு நேருமாயின் கிளைகளை உள்ளிழுத்து, மீண்டும் பழைய உருவெய்தி, பெருகி, அழிந்த பொருள்களை விழுங்குவன என்றார். விழுங்குங் கலங்களை 1882 இல் மெசினாவில் விண்மீன் மீனின் குடம்பியிற் கண்டவர் உருசியராகிய மெச்னிக்கோவ். அவர் உடலிற் கண்ட தின்குழியங்களின் உறவினத்தை ஓர்த்தேகா மூளையினுள்ளே கண்டார் எனலாம்.

ஆயின் மூன்றாங் கூறு முழுவதும் நுண்பசைக்கலங்களே அல்ல. எஞ்சிய மற்றொரு வகையைச் சில கிளைகளே உடையதாக ஓர்த்தேகா கண்டு, 1921 இல் ஒலிகோடென்றோகிளியா என்று பெயரிட்டார். இங்கேதான் ஆசிரியருக்கும் அவருக்கும் பிணக்கு முற்றியது. கஹால் 1920 இல் எழுதிய கட்டுரையொன்றில், நுண்பசைக்கலத்தைக் கண்ட முதன்மையை றொபேட்சனுக்கு வழங்க முற்பட்டார். இரண்டாம் வகைக்குக் கிளைகள் உண்டென்பதையும் ஐயுற்றார். றொபேட்சன் கண்டவற்றுட் பெரும்பகுதி அந்த இரண்டாம் வகையே என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆய்வுகூடத்தில் இருந்தோருக்கிடையேயான பூசல்களும் இதனோடு சேர்ந்துகொண்டன. அதே ஆண்டில் ஓர்த்தேகா கஹாலின் ஆய்வுகூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்.

கஹாலின் பெருமை இதனாற் குன்றிவிடாது. நரம்பியலுக்கு அடிப்படை அமைத்தவர் அவரே. எனினும், தாம் கண்ட உண்மையை ஒரு மூத்த அறிஞர் உலக மேடையில் மறுத்துரைத்ததைக் கேட்டிருந்தவர், 14 ஆண்டுகளின் பின் தம் கூடத்து இளைஞர் கண்டதை ஏற்கத் தயங்கினார். இதில் அவரைப் பழிப்பதைக் காட்டிலும், புகழ்பெற்ற கண்ணுக்கும் சாயமேறாத பொருள் தெரியாது என்று கொள்வதே நேரியது. கஹாலின் தகடுகளில் அக்கிளைகள் இல்லை. ஆகவே அவருக்கு அவை இல்லை. பிற்காலத்தில் இருவர்க்குமிடையே உறவு ஓரளவு சீரடைந்தது.

மட்றிட்டில் மாணவர் இல்லமொன்றில் அமைந்த சிறு ஆய்வுகூடத்தில் ஓர்த்தேகா பணியைத் தொடர்ந்தார். அங்கே அவரைத் தேடிவந்தவருள் ஒருவர் வைல்டர் பென்பீல்ட். நியூயோர்க்கிலிருந்து 1924 இல் வெள்ளி முறையைக் கற்க வந்த இவ்விளம் அறுவை மருத்துவர், பின்னர் மொன்றியலிற் பெரும் நரம்பியல் நிறுவனமொன்றை அமைத்தவர். 1932 இல் அவர் பதிப்பித்த நரம்புத்தொகுதி பற்றிய பெருநூலில் நுண்பசைக்கலம் பற்றிய இயலை ஓர்த்தேகாவே எழுதினார். ஆங்கில உலகம் அவரை அறிந்தது பெரும்பாலும் அந்நூல் வாயிலாகவே. 1936 இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஓர்த்தேகா பாரிசுக்கும், பின் ஒக்ஸ்போட்டுக்கும், 1940 இல் ஆர்ஜென்ரீனாவுக்கும் சென்றார். 1945 இல் புவனஸ் அயர்ஸ் நகரில் தமது 63 ஆம் வயதில் இறந்தார். தாயகத்தை அவர் மீண்டுங் காணவில்லை. அவர் பயிற்றிய மாணவர் குழுவும் போரினாற் சிதறியது. வெள்ளிச் சாயமூட்டலோ கைப்பழக்கத்தாலன்றி வாய்க்காதது. ஓர் ஆய்வு மரபு மறதியில் விழுவதற்கு இவ்விரண்டும் போதும்.

மறதிக்கு வேறு காரணங்களும் இருந்தன. மின்னலைகளை அளக்குங் கருவிகள் பெருகிய காலம் அது. பசைக்கலங்களோ நரம்புக்கலங்களைப் போல மின்துடிப்பை எழுப்புவதில்லை. மேலும், 1948 இல் பீற்றர் மெடவர் முயலின் மூளையில் மற்றொரு முயலின் தோலை ஒட்டி ஆராய்ந்து, மூளை அதனை உடனே நிராகரிப்பதில்லை என்று காட்டினார். உடலின் நோயெதிர்ப்புக்கு மூளை ஒதுங்கிய ஓர் அறை என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. முன்னரே எதிர்ப்புத் தூண்டப்பட்ட முயல்களில் மூளையில் வைத்த தோலும் அழிந்தது என்று மெடவர் சேர்த்துக் கூறியதைப் பலர் மனங்கொள்ளவில்லை.

இவ்வமைதியின் நடுவே 1968 இல் மியூனிக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. பிளின்சிங்கர், குறொய்ற்ஸ்பேர்க் என்னும் இருவர், எலியின் முக நரம்பை வெட்டிவிட்டு, அந்நரம்பு புறப்படும் மூளைப் பகுதியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கினர். காயமுற்ற நரம்புக்கலத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த நரம்பு முனைகளை நுண்பசைக்கலங்கள் இடைபுகுந்து விலக்கியிருந்தன. நுண்பசைக்கலம் நரம்பிணைப்பைத் தொடுகிறது, விலக்குகிறது என்பதற்கு அதுவே முதற் சான்று. ஆயினும் அது காயத்தின் விளைவு என்றே கொள்ளப்பட்டது. காயமற்ற, வளரும் மூளையில் அவ்வாறு நிகழுமோ என்னும் வினா எழவில்லை.

அவ்வினா வேறொரு திசையிலிருந்து வந்தது. 1960 களில் டேவிட் ஹியூபலும் ரோஸ்ரன் வீசலும், பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடிவைத்தால், பின்னர் அதனைத் திறந்தாலும் மூளை அக்கண்ணுக்குச் செவிசாய்ப்பதில்லை என்று காட்டினர். வளர்ந்த பூனையில் அவ்வாறு நேர்வதில்லை. இப்பணிக்காக 1981 இல் அவர்கள் நோபெல் பரிசு பெற்றனர். சிக்காகோவிற் குழந்தை நரம்பு மருத்துவராக விளங்கிய பீற்றர் ஹற்றன்லொக்கர், இறந்த மனிதரின் மூளைகளில் நரம்பிணைப்புகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எண்ணினார். சலிப்பூட்டும் வேலைதான்; ஆனால் பயன் பெரிது. நெற்றிப்புறணியில் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு உள்ள இணைப்புகளின் செறிவு வளர்ந்தவருக்குள்ளதைவிட ஏறக்குறைய 50 வீதம் மிகுதி என்றும், இளமைப் பருவத்தினூடே அது குறைந்து செல்கிறது என்றும் 1979 இல் வெளியிட்டார். குழந்தையின் மூளை வளர்கிறது என்றால் இணைப்புகள் கூடிக்கொண்டே செல்கின்றன என்று எண்ணியிருந்தோர்க்கு இது புதுமை. முருங்கையைக் கொப்புத் தறித்துவிடுவது போல மூளையும் தறிக்கப்படுகிறது. பயன்படும் இணைப்பு வலுக்கிறது; பயன்படாதது நீங்குகிறது. ஆனால் தறிக்குங் கத்தி யாருடைய கையில் இருக்கிறது?

பல ஆண்டுகளாக நரம்புக்கலமே தன் முனையைத் தானே பின்வாங்கிக் கொள்கிறது என்று கருதப்பட்டது. இக்கருத்தைக் கலைத்தது கலிபோர்ணியாவில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் பென் பரசின் ஆய்வுகூடம். பசைக்கலங்களுக்காகவே வாழ்நாள் முழுதும் வாதாடிய பரஸ் 2017 இல் இறந்தார். அவரிடம் பணியாற்றிய பெத் ஸ்டீவன்ஸ், இளம் உடுவுருக்கலங்களின் தூண்டலால் நரம்புக்கலத்தில் எந்தப் பரம்பரையலகுகள் விழிப்படைகின்றன என்று தேடியபோது, எதிர்பாராத ஒன்று அகப்பட்டது. அது சீ-1-கியூ என்னும் குருதிப் புரதம். கிருமியொன்று உடலிற் புகுந்தால் அதன்மேல் ஒட்டி, இதனை உண்க என்று தின்குழியங்களுக்கு அடையாளங் காட்டுவது நிரப்பிப் புரதத் தொகுதி. அத்தொகுதியின் முதற் புரதம் இது. நிரப்பியை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் ஜூல் போர்டேக்கு உரிய நோபெல் பரிசு 1919 ஆம் ஆண்டுக்குரியது என்பது ஒரு சுவையான ஒற்றுமை. நுண்பசைக்கலம் பெயர்பெற்றதும் அவ்வாண்டிலேயே. இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு நுனிகள் என்பதை அன்று எவர் அறிவார்?

கிருமியில்லாத நலமான இளமூளையில் அப்புரதத்திற்கு என்ன வேலை? ஸ்டீவன்சும் உடனாய்வாளரும் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பாதையைத் தேர்ந்தனர். அப்பாதையின் இடைநிலையத்தில் இரு கண்களிலிருந்தும் வரும் நரம்பிழைகள் முதலில் ஒன்றன்மேலொன்று கலந்து கிடக்கும். பின் மிகையான இணைப்புகள் நீங்கி, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப்புலம் அமையும். சீ-1-கியூ அல்லது சீ-3 இல்லாத சுண்டெலிகளில் இந்நீக்கம் குறைவுற்றது. மிகை இணைப்புகள் எஞ்சின. 2007 இல் இது வெளிவந்தது. அடையாளம் இடுவது எது என்பது தெரிந்தது. உண்பது எது?

இதற்குள் நுண்பசைக்கலத்தை உயிருடன் காணும் வழியும் பிறந்திருந்தது. 2005 இல் ஜேர்மனியில் நிம்மர்யான் முதலியோரும், நியூயோர்க்கில் டவலோஸ் முதலியோரும், ஒளிரும் புரதம் ஏற்றப்பட்ட சுண்டெலியின் மெலிந்த மண்டையோட்டினூடே நோக்கினர். ஓய்வில் இருப்பதாக எண்ணப்பட்ட கலங்கள் ஓயாது கிளைகளை நீட்டியும் சுருக்கியும் துழாவிக் கொண்டிருந்தன. மூளை முழுவதையும் சில மணி நேரத்துக்கொருமுறை தடவிப் பார்த்துவிடும் வேகம் அவற்றுக்கு இருந்தது. நான்கு ஆண்டுகளின் பின் யப்பானிய ஆய்வாளர், அக்கிளைகள் நரம்பிணைப்பு ஒன்றனை மணிக்கொருமுறையளவில் ஐந்து நிமிடம் தொட்டு மீள்வதைக் கண்டனர். வெள்ளியில் உறைந்த உருவத்தைக் கொண்டே ஓர்த்தேகா ஊகித்த இயக்கம் இப்போது கண்முன் நிகழ்ந்தது.

2011 இல் இத்தாலியில் கோர்னேலியஸ் குறொசின் ஆய்வுகூடத்தில் றோசா பாவோலிசெல்லி முதலியோர், சுண்டெலிக்குட்டியின் நுண்பசைக்கலங்களினுள்ளே நரம்பிணைப்பின் புரதத் துணுக்குகள் கிடப்பதைக் கண்டனர். நரம்புக்கலத்திடமிருந்து நுண்பசைக்கலம் செய்தி பெறும் ஏற்பியொன்றை நீக்கியபோது, நினைவுக்குரிய மூளைப் பகுதியில் இணைப்புகள் உரிய காலத்திற் குறையாது தங்கின. அடுத்த ஆண்டு, போஸ்ரனில் ஸ்டீவன்சின் சொந்த ஆய்வுகூடத்தில் டோறதி ஷேபர் முதலியோர் இரு கண்களின் நரம்பிழைகளுக்கும் இருவேறு நிறமூட்டினர். பிறந்து ஐந்து நாளான குட்டிகளில் அந்நிறங்கள் நுண்பசைக்கலங்களின் வயிற்றிலே காணப்பட்டன. பேத்தை மீனின் நஞ்சைக் கொண்டு ஒரு கண்ணின் துடிப்பை அடக்கினால், அக்கண்ணின் இழைகளே மிகுதியாக உண்ணப்பட்டன. ஹியூபலும் வீசலும் கண்ட விதியும் ஓர்த்தேகா கண்ட கலமும் ஒன்றையொன்று சந்தித்தது இங்கேதான்.

ஓர்த்தேகாவின் தோற்றக் கொள்கையும் ஏறக்குறைய அக்காலத்திலேயே உறுதியாயிற்று. நியூயோர்க்கில் பிளோறன்ற் ஜின்ஹூ முதலியோர் 2010 இல், நுண்பசைக்கலங்கள் முளையத்தின் கருவூண்பையில் மிகத் தொடக்கத்திலே தோன்றி மூளையிற் குடியேறுகின்றன என்று காட்டினர். குடியேறுங் காலத்தைப் பிறப்பையொட்டியது என ஓர்த்தேகா கருதியது பிழை. வெளியிலிருந்து வந்தவை என்றது மெய். நரம்பிணைப்புகள் பெருகத் தொடங்குமுன்பே அவற்றைத் தறிப்போர் வந்து காத்திருக்கின்றனர்.

இவ்வாராய்ச்சி ஆய்வுகூட எலிகளோடு நின்றுவிடாமைக்குக் காரணம் உண்டு. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளமைப் பருவத்தின் இறுதியிலே, உயர்வகுப்புகளை முடித்து உலகிற் புகும் வயதிலே, தலைகாட்டுகின்றது. இணைப்புகளின் நீக்கம் அளவு மீறுவதே இதற்குக் காரணமாகலாம் என்று அமெரிக்கராகிய ஏர்வின் பைன்பேர்க் 1982 இல் எழுதினார். அன்று அதற்குச் சான்றில்லை. 2016 இல், 28,799 நோயாளரையும் 35,986 பிறரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று, நிரப்பித் தொகுதியின் சீ-4 என்னும் பரம்பரையலகின் சில வடிவங்களை உடையோர்க்கு அந்நோய் வரும் வாய்ப்பு ஓரளவு கூடுதல் என்று கண்டது. இதனை மிகைப்படக் கூறுதல் ஆகாது. அவ்வடிவத்தை உடையோருட் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். நோயுற்றாருட் பலரிடம் அது இல்லை. ஆயினும் பெற்றோரின் வளர்ப்பையும் தெய்வக் குற்றத்தையும் காரணமாகக் காட்டி வந்த ஒரு நோய்க்கு, ஆராயத்தக்க ஓர் உயிரியல் நுனி கிடைத்தது சிறு காரியமன்று. அதே ஆண்டில், அல்சைமர் நோயின் சுண்டெலி மாதிரிகளில் நிரப்பியும் நுண்பசைக்கலங்களும் நோயின் தொடக்கத்திலேயே நரம்பிணைப்புகளை அழிக்கின்றன என்று ஸ்டீவன்சின் குழுவினர் அறிவித்தனர். இளமையில் வேண்டிய தொழில் முதுமையில் வேண்டாதவிடத்து மீண்டும் எழுகின்றதோ என்னும் ஐயம் இதனால் எழுந்தது. அச்சூக்கறோவுக்கு ஆசிரியராயிருந்தவரின் பெயரைத் தாங்கிய நோய் இது.

இன்று நுண்பசைக்கலத்தைத் தோட்டக்காரன் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. முன்பு பசை என்ற சொல் செய்த தீங்கை இச்சொல்லும் செய்யாதிருக்க வேண்டும். உடுவுருக்கலங்களும் இணைப்புகளை விழுங்குகின்றன என்று பரசின் குழுவினர் 2013 இற் காட்டினர். நுண்பசைக்கலம் தொட்ட இடத்தில் புதிய இணைப்புக்கான முளை எழுவதை யப்பானிய ஆய்வாளர் 2016 இற் கண்டனர். ஆகவே அது நீக்குவதோடு ஆக்கவும் செய்கிறது. உயிருள்ள இணைப்பை அது வெட்டுகிறதா, முன்னரே நலிந்து கழன்றதைப் பொறுக்குகிறதா என்னும் வழக்கு இன்னுந் தீரவில்லை. 2011 இல் முதற் சான்று தந்த குறொசின் ஆய்வுகூடமே 2018 இல் இளஞ்சுண்டெலியின் மூளைத் துண்டங்களில் இதனை நேரடியாகப் படம்பிடித்தது. நரம்பு முனைகளின் சிறு துணுக்குகளை நுண்பசைக்கலங்கள் கொறிப்பதை அவர்கள் கண்டனர். தொடப்பட்ட நரம்பு முட்களிலிருந்து புதிய மெல்லிழைகள் நீண்டன. முழு முள்ளொன்று விழுங்கப்பட்டதை அவர்கள் ஒருமுறையேனும் காணவில்லை.